செங்கோட்டைப் பக்கம் காண்ட்ராக்டர் இல்லாமல் நாமே நின்று வீடு கட்ட முடியுமா?

தாராளமாக முடியும். 4 சென்ட் மனை, 1,000 சதுர அடி, கேரளா மாடல் சரிவுக் கூரை, ஆனியில் ஆரம்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இடிப்பது அந்த ஆனிதான்.

ஆரியங்காவு கணவாய் வழியாகச் சாரல் இறங்குகிற மாதம் அது. ஆகஸ்ட் வரை விடாது. அப்புறம் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. அஸ்திவாரத்துக்கு வானம் (குழி) தோண்டிப் போட்டுவிட்டு அதில் தண்ணீர் இறைத்துக்கொண்டு நிற்பதற்குப் பதில், தையில் கடைக்கால் போட்டு வைகாசிக்குள் மேல் காங்கிரீட்டை முடித்துவிட்டால், சாரல் வரும்போது உள்பூச்சு, ஒயரிங் எல்லாம் கூரைக்குக் கீழே ஓடிக்கொண்டிருக்கும். அதுவரை காகித வேலையைப் பாருங்கள். 2,500 சதுர அடிக்குள் உள்ள மனைக்கு 2024 முதல் சுயசான்று முறையில் (விதிப்படி கட்டுகிறேன் என்று நீங்களே உறுதி கொடுப்பது) ஆன்லைனிலேயே அனுமதி கிடைக்கிறது, உங்கள் மனை அதற்குள்தான் வரும்.

ஆள் கூலியை மட்டும் லேபர் காண்ட்ராக்ட் விடுங்கள், பொருளை நீங்களே வாங்குங்கள். நம்மூர்க் கொத்தனாருக்குப் புனலூர், கொல்லம் பக்கம் கூலி அதிகம். பூச்சுக்கான பணத்தைச் சுவர் எழும்பும்போதே கொடுத்தீர்கள் என்றால் பூச்சு நேரத்தில் ஆள் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பார். முடிந்த வேலைக்குத்தான் பணம், அதை முதலிலேயே எழுதி வைத்துக்கொள்ளுங்கள், சொந்தக்காரராக இருந்தாலும் சரி. எம் சாண்ட், ஜல்லி லோடு வந்தால் டேப்பை எடுத்து லாரியின் நீளம், அகலம், லோடு நிற்கும் உயரம் மூன்றையும் அளந்துவிடுங்கள். 100 கன அடிதான் ஒரு யூனிட். டிரைவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

மற்ற நாள் வேலைக்கு லீவு போட முடியாவிட்டாலும் காங்கிரீட் அன்று சைட்டில் நீங்கள் இருந்தே ஆகவேண்டும். முதல் நாளே இஞ்சினியரைக் கூப்பிட்டுக் கம்பியைக் காட்டுங்கள், கம்பிக்கு அடியில் 20 மில்லிமீட்டர் கவர் பிளாக் (கம்பி பலகையில் ஒட்டாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கலவையில்தான் எல்லாரும் கோட்டை விடுவது. சிமென்ட், மணல், ஜல்லி 1:1½:3 என்ற கலவையில் 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு 27 லிட்டருக்கு மேல் தண்ணீர் போகக்கூடாது, மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறைவு. ஆனால் இழுக்கச் சுலபமாக இருக்கும் என்று கையாள் ஒரு வாளி சேர்த்து ஊற்றிவிடுவார், அந்த ஒரு வாளியில் போய்விடும் காங்கிரீட்டின் பலம்.

போட்ட காங்கிரீட்டைக் காயவிடாமல் நனைத்து வைக்க வேண்டிய நாட்களில் கோடை மழை ஒன்று பெய்தால் "மழையே நனைச்சிரும்" என்பார்கள். நம்பாதீர்கள். மழை விட்டதும் கணவாய்க் காற்று மேல்பரப்பை உலர்த்திவிடும், மயிர்க்கோடு மாதிரி விரிசல் விழும். பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள். பிபிசி (PPC, சாம்பல் கலந்த) சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள், வெயிலும் காற்றுமாக இருந்தால் 14. சென்ட்ரிங் (தளத்துக்குப் பலகை அடிக்கிற) ஆள் அடுத்த சைட்டுக்கு வேண்டும் என்று முட்டுக் கம்புகளைப் பிரிக்க வந்து நிற்பார், பீமுக்கு அடியில் இருப்பதை 14 நாளாவது தொட விடாதீர்கள்.

சரிவுக் கூரையைக் காங்கிரீட்டிலேயே சாய்வாகப் போடும் ஆசையை முதல் வீட்டில் விட்டுவிடலாம் என்பது என் கட்சி. கலவை வழிந்து கீழே சேரும், கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் வைப்பதும் சிரமம். மட்டமாகவே தளம் போட்டு, அதன் மேல் இரும்பு ட்ரஸ் (ஓட்டைத் தாங்கும் சட்டம்) நிறுத்தி ஓடு வேய்ந்தால் பார்க்க அதே கேரளா வீடுதான், நடுவில் துணி காயப்போட இடமும் கிடைக்கும். ட்ரஸுக்கு இப்போது பணம் இல்லையென்றால் அடுத்த வருஷம் போட்டுக்கொள்ளலாம், அதைத் தாங்கும் பிளேட்டையும் போல்ட்டையும் மட்டும் இஞ்சினியரிடம் கேட்டு இந்தக் காங்கிரீட்டிலேயே பதித்துவிடச் சொல்லுங்கள்.