ஒருமுறை விழுந்த பிறகு மறுபடி ஆரம்பிக்கத் தைரியம் எங்கிருந்து வரும்?

ஒருவர் எழுதிக் கேட்ட கேள்வி சுருக்கமாக இதுதான். ஒரு முயற்சி தோற்றுப்போய், அதோடு உடம்பும் மனசும் கெட்டு, ஒருவழியாக அதிலிருந்து வெளியே வந்துவிட்டார். ஆனால் டாக்டரைப் பார்ப்பது, வேலை மாறுவது, ஒருவரிடம் மனம் விட்டுப் பேசுவது என்று எதை எடுத்தாலும் கை பின்வாங்குகிறது. "தைரியம் மட்டும் வந்துவிட்டால் எல்லாவற்றையும் செய்துவிடுவேன். அதை எப்படி வரவழைப்பது? வீட்டில் சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறார்.

முதலில் தைரியம், அதற்கப்புறம் செயல் என்று நீங்கள் ஒரு வரிசை வைத்திருக்கிறீர்கள். உங்களை நிறுத்தி வைத்திருப்பதே இந்த வரிசைதான் என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்து தைரியம் அப்படி முன்கூட்டி வந்து வாசலில் நிற்பதில்லை. பயந்துகொண்டே ஒரு காரியத்தைச் செய்து முடித்த பிறகுதான் வருகிறது, அதுவும் கொஞ்சம் கொஞ்சமாக. வெடிகுண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் ராணுவத்தினரை ஆராய்ந்த உளவியலாளர் ஸ்டான்லி ராக்மன், பயமே இல்லாத நிலையும் தைரியமும் வேறு வேறு என்று பிரித்துக் காட்டினார். அவர் பார்வையில், நெஞ்சு அடித்துக்கொண்டாலும் செய்ய வேண்டியதைச் செய்கிறவர்தான் தைரியசாலி. அப்படிப் பார்த்தால் உங்களிடம் இல்லாதது தைரியம் என்று சொல்லவே முடியாது. பயம் இருக்கிறது, அவ்வளவுதான். அது இருந்தபடியே எப்படி நகர்வது என்பதுதான் கேள்வி.

டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள், அதையே எடுத்துக்கொள்வோம். காலையில் போனை எடுக்கிறீர்கள். நம்பரும் தேடி எடுத்தாயிற்று. அழுத்தப்போகும் நேரத்தில் வயிற்றைப் பிசைகிறது. பெரிதாக ஏதாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டால்? உடனே, "இன்றைக்கு வேலை அதிகம், திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்" என்று போனைக் கீழே வைத்துவிடுகிறீர்கள். அந்த நொடியில் உடம்பு என்ன செய்கிறது என்று ஒருமுறை கவனித்துப் பாருங்கள். ஒரு பெருமூச்சு வரும். இறுகியிருந்த தோள் இறங்கும். அப்பாடா என்றிருக்கும்.

சிக்கல் முழுவதும் அந்த "அப்பாடா"வில்தான் இருக்கிறது. தள்ளிப்போட்டால் நிம்மதி கிடைக்கும் என்று மூளை கற்றுக்கொள்கிறது. அடுத்த திங்கட்கிழமை அதே நம்பரைப் பார்க்கும்போது பயம் இன்னும் சீக்கிரமாக வரும், போன் இன்னும் சீக்கிரமாகக் கீழே போகும். அமெரிக்க உளவியலாளர் ஓ. ஹெச். மௌரர் 1947லேயே இதை இரண்டு கட்டமாக விளக்கினார். ஒரு கசப்பான அனுபவத்தில் பயம் ஒட்டிக்கொள்கிறது. ஒதுங்கிப்போகும்போது கிடைக்கும் நிம்மதி அந்தப் பயத்தைச் சாகவிடாமல் வைத்திருக்கிறது. ஒதுங்கியே இருப்பவருக்கு, தான் பயந்தது நடக்குமா நடக்காதா என்று பார்க்கிற வாய்ப்பே கிடைப்பதில்லை. எனவே உங்களைச் சோம்பேறி என்றோ கோழை என்றோ திட்டிக்கொள்ளாதீர்கள். உயிருள்ள எந்த மூளையும் இப்படித்தான் வேலை செய்யும்.

இதை என் அனுபவத்திலிருந்தும் சொல்கிறேன். ஒருநாள் கூட்டமான பஸ்ஸில் திடீரென்று நெஞ்சு படபடத்து, விரல்கள் மரத்து, மூச்சு முட்டி, இங்கேயே உயிர் போய்விடும் என்று தோன்றியது. பரிசோதித்துப் பார்த்ததில் இதயத்தில் ஒரு கோளாறும் இல்லை. பேனிக் அட்டாக் என்றார்கள். அதிலிருந்து கூட்டமான பஸ்ஸில் ஏறுவதில்லை. அப்புறம் எந்த பஸ்ஸிலும் ஏறுவதில்லை. அப்புறம் லிஃப்ட், தியேட்டர், நான்கு பேர் கூடுகிற எந்த இடமும் ஆகாது என்றாகிவிட்டது. நான் விட்டுக்கொடுக்கக் கொடுக்கப் பயம் இன்னும் இடம் கேட்டது.

கடைசியில் ஓர் உளவியலாளரிடம் போனேன். தைரியமூட்டும் பேச்சாக ஏதாவது பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ மேஜை டிராயரிலிருந்து ஒரு மெல்லிய ஸ்ட்ராவை எடுத்து வைத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு இதன் வழியாக மட்டும் ஒரு நிமிடம் மூச்சுவிட வேண்டும் என்றார். அதற்கு முன் ஒரு தாளைக் கொடுத்து, என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்களோ எழுதுங்கள் என்றார். "மயங்கி விழுவேன்" என்று எழுதினேன். எவ்வளவு தூரம் நம்புகிறீர்கள் என்று கேட்டார். பக்கத்தில் 80 சதவீதம் என்று போட்டேன். மூச்சுவிட ஆரம்பித்ததும் பஸ்ஸில் வந்த அதே படபடப்பு, காதுக்குள் அதே இரைச்சல். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஸ்ட்ராவைத் துப்பிவிடலாம் போலிருந்தது. ஆனால் விழவில்லை. நிமிடம் முடிந்ததும் அவர் அதே தாளைத் தள்ளி, "இப்போது என்ன நடந்தது என்று எழுதுங்கள்" என்றார். நான் பயந்ததும் நடந்ததும் அடுத்தடுத்த வரியில், என் கையெழுத்திலேயே இருந்தன. யார் சொல்லியிருந்தாலும் நான் நம்பியிருக்க மாட்டேன்.

(ஸ்ட்ரா பயிற்சியை நீங்களாக வீட்டில் செய்ய வேண்டாம். ஆஸ்துமா, இதயக் கோளாறு, வலிப்பு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் கிட்டேயே போகக் கூடாது.)

ஸ்ட்ரா இல்லாவிட்டாலும் அந்தத் தாள் எல்லோருக்கும் உதவும். ஒரு பக்கத்தை இரண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இடது பக்கம், செய்வதற்கு முன் நீங்கள் பயப்படுவதை எழுதுங்கள். "மோசமாக இருக்கும்" என்று எழுதினால் பிரயோஜனமில்லை, அதை யாராலும் சரிபார்க்க முடியாது. "நான் பேச ஆரம்பித்ததும் அவர் எழுந்து போய்விடுவார்", "விண்ணப்பம் அனுப்பியது இப்போதைய மேலாளருக்கு இந்த வாரமே தெரிந்துவிடும்" என்கிற மாதிரி, நடந்ததா இல்லையா என்று பார்க்கக்கூடியதாக எழுதுங்கள். வலது பக்கத்தைக் காரியம் முடிந்த அன்றே நிரப்பிவிடுங்கள். மறுநாள் என்று விட்டால் மனசு அதற்குள் கதையை மாற்றிவிடும். பயந்தது அப்படியே நடந்துவிட்டாலும் எழுதுங்கள். சில நேரம் நடக்கத்தான் செய்யும். அப்போது இன்னொரு வரி சேர்க்க வேண்டும்: நடந்த பிறகு நான் என்ன செய்தேன்? என்னைப் பொறுத்தவரை இந்த வரிக்குத்தான் மதிப்பு அதிகம். நடக்காது என்கிற நம்பிக்கையை விட, நடந்தாலும் சமாளிப்பேன் என்கிற நம்பிக்கை நெடுநாள் நிற்கிறது.

படிகளைச் சின்னதாக வையுங்கள். டாக்டர் விஷயத்தில் முதல் படி நம்பரை எழுதி மேஜையில் வைப்பது, அடுத்தது போன் செய்து எந்த நேரம் பார்ப்பார்கள் என்று மட்டும் கேட்பது. இதெல்லாம் ஒரு காரியமா என்று உங்களுக்கே தோன்றலாம். உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977ல் எழுதிய கட்டுரையில், தன்னால் முடியும் என்ற நம்பிக்கை எங்கிருந்தெல்லாம் வருகிறது என்று வரிசைப்படுத்தினார். அதில் வலுவானது, தானே செய்து முடித்த அனுபவம். அடுத்தவர் வாயால் கேட்கும் ஊக்கம் அதற்கு ரொம்பப் பின்னால்தான். உற்சாகமூட்டும் வீடியோக்கள் பார்த்த அன்றைக்கு நெஞ்சு நிமிர்வதும் மறுநாளே தொய்ந்துபோவதும் இதனால்தான். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது பழசாகிப்போன பேச்சு மாதிரி இருக்கலாம். பயத்துக்கு இதைவிடப் பொருத்தமான வைத்தியம் எனக்குத் தெரியாது.

ஒன்றில் மட்டும் கவனமாக இருங்கள். பயத்தோடு ஒரு இடத்துக்குப் போகும்போது நாம் சின்னச் சின்னப் பாதுகாப்புகளை எடுத்துப்போவோம். நான் வாசலுக்குப் பக்கத்து சீட்டில்தான் உட்காருவேன், சட்டைப் பையில் மாத்திரை, கையில் தண்ணீர் பாட்டில். பயணம் நல்லபடியாக முடிந்தாலும், "மாத்திரை இருந்ததால் தப்பித்தேன்" என்று மனசு கணக்கெழுதிக்கொள்ளும். நான் சமாளித்தேன் என்பது வரவில் ஏறவே ஏறாது. ஆரம்பத்தில் இந்தப் பிடிமானங்கள் இருக்கட்டும், தப்பில்லை. ஒவ்வொன்றாக விட்டுவிடுகிற திட்டமும் கூடவே இருக்க வேண்டும். நான் சொல்வது, பயந்து முன்னெச்சரிக்கையாகக் கையில் வைத்துக்கொண்ட மாத்திரையை. டாக்டர் தினமும் சாப்பிடச் சொன்ன மருந்தை அவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள்.

உடம்பைச் சரியாக வைத்துக்கொள்ளாமல் மனசை மட்டும் தயார்செய்வது பெரும்பாடு. 2007ல் வெளியான ஓர் ஆய்வில், சுமார் 35 மணி நேரம் தூங்காதவர்களுக்கு மனதைக் கலக்கும் படங்களைக் காட்டினார்கள். ஆபத்தை மோப்பம் பிடிக்கிற அமிக்டாலா என்ற மூளைப்பகுதி, தூங்கியவர்களைவிட 60 சதவீதம் அதிகமாகத் துள்ளியது. இரவு இரண்டு மணிக்கு எதிர்காலத்தைப் பற்றி முடிவெடுக்காதீர்கள் என்று நான் எல்லோரிடமும் கெஞ்சுவது இதற்காகத்தான். அதே போல, படபடப்பு உள்ளவர்கள் காபியைக் குறைத்துப் பார்ப்பது நல்லது. கஃபீன் தருகிற படபடப்பையும் பயத்தையும் உடம்பால் எளிதில் பிரித்துப் பார்க்க முடிவதில்லை. உடற்பயிற்சிக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு. வேகமாக நடந்தாலே போதும். பயந்தவர்களுக்கு இதில் கூடுதலாக ஒரு லாபம் உண்டு: நெஞ்சு வேகமாக அடிப்பதும் மூச்சு வாங்குவதும் ஆபத்து இல்லாமலும் வரும் என்று உடம்பு பழகிக்கொள்கிறது.

எல்லாப் பயத்தையும் இப்படி எதிர்கொள்ள வேண்டும் என்று சொல்லமாட்டேன். கைநீட்டி அடிக்கிற ஒருவரிடம் பயம் இருந்தால், அந்தப் பயம் சொல்வதுதான் சரி. அங்கே செய்ய வேண்டியது பாதுகாப்பாக வெளியேறுவது. சேமிப்பு எதுவும் இல்லாமல் வேலையை விடத் தயங்கினால் அதுவும் நியாயமான தயக்கம். அடுத்த வேலை கைக்கு வந்த பிறகு விடுங்கள். நான் பார்க்கிற வித்தியாசம் இதுதான்: ஆபத்து இல்லை என்று கையில் இருக்கும் தகவல் சொல்லியும் பயம் போகவில்லை என்றால் அதை நோக்கி நடக்கலாம். தகவலே ஆபத்து என்று சொன்னால் திட்டத்தை மாற்ற வேண்டும்.

அப்புறம், பயம் திரும்ப வரும். இதை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் கைவிடுவது இந்த இடத்தில்தான். ரஷ்ய விஞ்ஞானி பவ்லோவ், மணியடித்து உணவு கொடுத்துப் பழக்கிய நாய்களுக்கு மணியோசை கேட்டாலே எச்சில் ஊறும். அந்தப் பழக்கம், உணவே கொடுக்காமல் மணியை மட்டும் அடித்தபோது மறைந்துபோனது. கொஞ்ச காலம் விட்டு மறுபடி அடித்தபோது எச்சில் திரும்ப ஊறியது. பழைய பாடம் அழிவதில்லை, அதற்கு மேல் புதுப் பாடம் ஒன்று எழுதப்படுகிறது. களைப்பான நாளிலோ புதிய இடத்திலோ பழையது எட்டிப்பார்க்கும். அதனால் நீங்கள் ஆரம்பித்த இடத்துக்கே போய்விட்டதாக அர்த்தமில்லை. இரண்டாம் முறை தணிவது பெரும்பாலும் சீக்கிரமாக நடக்கும். அந்த நாளில் தாளின் பழைய பக்கங்களை எடுத்துப் படியுங்கள்.

தூக்கமும் பசியும் வாரக்கணக்கில் கெட்டிருந்தால், எதிலும் பிடிப்பே இல்லை என்றால், வாழ வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், இந்தத் தாளையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள். அந்த எண்ணம் இந்த நிமிடமே அழுத்துகிறது என்றால் உங்கள் நாட்டின் மனநல உதவி எண்ணை அழையுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

வீட்டில் சொல்லலாமா என்று கேட்டீர்கள். சொல்லுங்கள். ஹவாயின் கவாய் தீவில் 1955ல் பிறந்த 698 குழந்தைகளை உளவியலாளர் எம்மி வெர்னரும் அவர் குழுவினரும் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். வறுமை, வீட்டுச் சண்டை, பெற்றோரின் நோய் என்று பல சுமைகளோடு வளர்ந்த பிள்ளைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர், எல்லாவற்றையும் மீறி நன்றாக வந்தார்கள். அவர்களுக்குள் பொதுவாகக் காணப்பட்ட ஒன்று, சின்ன வயதிலிருந்தே பக்கத்தில் இருந்த அக்கறையுள்ள ஒரு பெரியவர். சொந்தப் பெற்றோராக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. தாத்தா பாட்டி, ஆசிரியர், பக்கத்து வீட்டுக்காரர் யாராகவும் இருக்கலாம்.

அதனால் வீட்டில் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொல்ல வேண்டியதில்லை. அறிவுரையை அடக்கிக்கொண்டு கேட்கத் தெரிந்த ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவரிடம் என்ன வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்: "எனக்குப் பதிலாக நீங்கள் போன் செய்ய வேண்டாம். நான் செய்யும்போது பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும்." பிரியமானவர்கள் நம் பயத்தைப் பார்த்து இரக்கப்பட்டு நம் வேலைகளை வாங்கிச் செய்துவிடுவார்கள், அப்போது அந்த "அப்பாடா" அவர்கள் கையிலிருந்து வர ஆரம்பித்துவிடும். முதல் முறை பக்கத்தில் உட்காரட்டும். அடுத்த முறை அடுத்த அறையில் இருக்கட்டும். அதற்கடுத்த முறை நீங்களே பேசி முடித்துவிட்டு, என்ன சொன்னார்கள் என்று அவரிடம் போய்ச் சொல்லுங்கள்.