அன்றாட வேலையாகப் போன இடத்தில் உங்கள் ஊர் விளையாட்டு வீரர் எவரையாவது எதிர்பாராமல் சந்தித்திருக்கிறீர்களா?

ஆம். யாழ்ப்பாண நகரில் ஒரு போட்டோக்கொப்பிக் கடையில் நாகலிங்கம் எதிர்வீரசிங்கம் அவர்களைச் சந்தித்தேன். ஆசிய விளையாட்டு விழாவில் இலங்கைக்கு முதன்முதலாகத் தங்கப் பதக்கம் பெற்றுக் கொடுத்தவர் அவர். 1958இல் டோக்கியோவில் நடந்த உயரம் பாய்தல் போட்டியில் 2.03 மீற்றர், அதாவது ஆறடி எட்டங்குலம், பாய்ந்து அதனை வென்றார்.

எங்கள் தலைமுறை அவரை அறிந்தது காதால் மட்டுமே. அவர் பாய்ந்ததை எந்தத் திரையிலும் நாங்கள் பார்த்ததில்லை. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரி மாணவர், பதினேழு வயதிலேயே 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குப் போனவர், 1956இல் மெல்பேர்ணிலும் பாய்ந்தவர் என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டதுதான். என் தந்தையார் இந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இன்னொன்றையும் சேர்த்தே சொல்வார். அந்த விளையாட்டு விழா நடந்தது 1958 மே 24 முதல் ஜூன் 1 வரை. அதே நாட்களில்தான் நாட்டில் தமிழருக்கு எதிரான கலவரம் மூண்டு, மே 27இல் அவசரகால நிலை அறிவிக்கப்பட்டு, கொழும்பில் அகதிகளான எம்மவர் கப்பல்களில் வடக்கே அனுப்பப்பட்டனர். ஒரு தமிழ் இளைஞர் இலங்கையின் பெயரால் தங்கம் வென்ற செய்தியும், இலங்கையில் தமிழர் வீடுகள் எரிந்த செய்தியும் பாடசாலைச் சிறுவனாக இருந்த என் தந்தையாருக்கு ஒரே வாரத்தில் கிடைத்தன. அந்தப் பதக்கத்தை வெறும் விளையாட்டுச் சாதனையாக நினைக்க எங்கள் வீட்டில் எவராலும் முடிந்ததில்லை. என்னாலும் இன்றுவரை முடியவில்லை.

நான் எதிர்வீரசிங்கம் அவர்களைக் கண்டது 2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின், யாழ்ப்பாணத்தைத் தெற்குடன் இணைக்கும் ஏ9 வீதி திறந்து, வெளிநாடுகளில் இருந்தவர்கள் ஊருக்கு வந்துபோகத் தொடங்கியிருந்த காலத்தில். பல்கலைக்கழக விண்ணப்பத்துக்காகப் பிறப்புச் சான்றிதழையும் பெறுபேற்றுத் தாளையும் பிரதி எடுக்கப் போயிருந்தேன். மின்சாரம் நின்றுவிட, கடைக்காரர் ஜெனரேற்றரை இயக்குவதற்காகப் பின்பக்கம் போனார். கையில் கடிதக் கோவையுடன் முதியவர் ஒருவர் எனக்கு முன்னால் காத்துக்கொண்டிருந்தார். வயதானவர்களுக்கு இடம்விட வேண்டும் என்ற பழக்கத்தில் இருந்த ஒரே கதிரையை அவர் பக்கம் நகர்த்தினேன். அவர் அதனை என் பக்கமே திருப்பி வைத்துவிட்டு நின்றார்.

திரும்பி வந்த கடைக்காரர் மத்திய கல்லூரியின் பழைய மாணவர். அவர்தான், இவர் யாரென்று தெரியுமா தம்பி என்று என்னிடம் கேட்டுப் பெயரைச் சொன்னார். எனக்குப் பேச்சு எழவில்லை. டோக்கியோவைப் பற்றிக் கேட்க வேண்டும் என்று மனம் துடித்தபோதும், எதிர்வீரசிங்கம் ஐயா முந்திக்கொண்டு நான் எந்தப் பாடத்துக்கு விண்ணப்பிக்கிறேன் என்று விசாரித்தார். கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கலாநிதிப் பட்டம் பெற்று, ஆபிரிக்காவில் கற்பித்த கல்வியாளர் என்பதால் அந்தக் கேள்வி அவருக்கு இயல்பாக வந்திருக்க வேண்டும். அதன்பின் துணிந்து, அந்தக் காலத்தில் எதன்மீது விழுவீர்கள் என்று கேட்டேன். மணல்மேல் என்றார்.

அந்த ஒரு சொல்லின் கனம், உயரம் பாய்தலைப் பற்றிப் பின்னர் வாசித்தபோதுதான் எனக்கு விளங்கியது. இன்று வீரர்கள் முதுகைக் கீழாகக் கொடுத்துத் தடியைக் கடந்து தடித்த மெத்தையில் விழுகிறார்கள். அந்தப் பாணியை அமெரிக்க வீரர் டிக் பொஸ்பெரி உலகுக்குக் காட்டியது 1968இல், மெக்சிக்கோ ஒலிம்பிக்கில். அதற்கு முன்பு, மணலிலோ மரத்தூளிலோ விழ வேண்டியிருந்தபோது, காலோ கையோ முதலில் நிலத்தைத் தொடும்படியாகத் தான் பாய முடியும். முதுகால் விழுந்தால் எழுந்திருப்பது நிச்சயமில்லை. மெல்பேர்ணில் தங்கம் வென்றவர் பாய்ந்த உயரமே 2.12 மீற்றர்தான் என்பதை வைத்துப் பார்த்தால், எங்கள் ஊர் மைதானங்களில் பழகத் தொடங்கிய ஒருவருக்கு 2.03 எவ்வளவு பெரிய உயரம் என்பது தெரியும்.

வீட்டுக்கு வந்து நான் விஷயத்தைச் சொன்னதும் தந்தையார் அளவுநாடாவை எடுத்துவந்து, சுவரில் ஆறடி எட்டங்குலத்துக்குப் பென்சிலால் ஒரு கோடு போட்டார். எங்கள் கதவு நிலையின் மேற்சட்டத்துக்குச் சற்றே கீழே அது வந்தது. எங்கள் வீட்டில் எவருடைய தலையும் அந்தக் கோட்டை எட்டவில்லை.

1962இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவில் எதிர்வீரசிங்கம் ஐயா வெள்ளிப் பதக்கமும் வென்றார் என்பதைப் பலர் அறியார். தங்கத்தின் பெயர் அதனை மறைத்துவிட்டது. 2024இல் அவர் காலமானபோது அந்தக் கடைக்காரரைத் தொலைபேசியில் அழைத்தேன். அன்று அவர் ஐயாவிடம் பிரதிக்குக் காசு வாங்க மறுத்ததையும், ஐயா அதை ஏற்காமல் மேசையில் வைத்துவிட்டுப் போனதையும் இருவரும் நீண்ட நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.