கடைச் சங்கும் கரைக் கிளிஞ்சலும்

மதிப்பிற்குரிய ஐயா,

கிளிஞ்சல்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். சென்ற மாதம் பேத்தியை அழைத்துக்கொண்டு வேளாங்கண்ணி சென்றிருந்தபோது, அவள் ஆசைப்பட்டாள் என்று பளபளப்பான சோழிகள் ஒட்டிய ஒரு தட்டும், விரல் விரலாக நீண்ட ஒரு பெரிய சங்கும் வாங்கிக் கொடுத்தேன். பள்ளிக்கு எடுத்துச் சென்றவளிடம், இப்படி வாங்குவதால்தான் பவளப்பாறைகள் அழிகின்றன என்று ஆசிரியை சொல்லிவிட்டாராம். குழந்தை அழுதுகொண்டே வீடு திரும்பினாள். பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரை நான் பார்த்ததெல்லாம் மணலும் சேறும்தான். நம் கடலில் பவளப்பாறை எங்கே இருக்கிறது? என் தகப்பனார் மார்கழியில் ஊதிய சங்கு இன்னும் பூஜை அறையில் இருக்கிறது. அதையும் தவறு என்பீர்களா?

ஆர்., சீர்காழி

அன்புள்ள ஆர். அவர்களுக்கு,

உங்கள் தகப்பனாரின் சங்கு இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அதை வெளியே எடுத்து வைப்பதால் எந்தக் கடலுக்கும் ஒரு நன்மையும் இல்லை.

நம் கரையில் பவளப்பாறை இல்லை என்பது சரிதான். பவளம் வளரத் தெளிந்த, உப்புக் குறையாத, வெயில் இறங்கும் நீர் வேண்டும். கொள்ளிடமும் காவிரியின் மற்றக் கிளைகளும் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக நன்னீரையும் வண்டலையும் கொண்டுவந்து கொட்டிய கடலில் அதற்கு இடமில்லை. மண்டபம், ராமேசுவரம் பக்கம் போனால்தான் முருகைக்கல் என்று சொல்லும் பவளப்பாறைகளைப் பார்க்கலாம். அங்கிருந்து தூத்துக்குடி வரை, 1986-இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி அவை நீள்கின்றன. சங்கு, சிப்பி, சோழி, கணவாய் எல்லாம் அடங்கிய மெல்லுடலிகளில் மட்டும் 700-க்கும் மேற்பட்ட இனங்கள் அந்த வளைகுடாவில் பதிவாகியிருக்கின்றன. நீங்கள் வேளாங்கண்ணியில் வாங்கிய விரல் சங்கு பாறை சார்ந்த கடலில் வாழ்வது. அதை வேளாங்கண்ணிக் கடலில் எடுத்திருக்க வாய்ப்பில்லை. நம்மிடம் பாறை இல்லையே என்று நாம் ஒதுங்கிக்கொள்ள முடியாதது இதனால்தான். பாறை அங்கே இருக்கிறது, வாங்குகிற கை இங்கே இருக்கிறது.

ஆசிரியை சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியை உங்கள் பேத்தியே கண்டுபிடிக்கலாம். அடுத்த முறை கடற்கரையில் அவள் பொறுக்கும் ஒரு கிளிஞ்சலையும் அந்தத் தட்டில் இருக்கும் ஒரு சோழியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். கரையில் கிடப்பது வெளிறியிருக்கும், விளிம்பு மழுங்கியிருக்கும். பலவற்றில் வட்டமாக, உட்புறம் குறுகிச் செல்லும் ஒரு துளை இருக்கும். நம் ஊர்ப் பிள்ளைகள் அந்தத் துளையில் நூல் கோத்து மாலை கட்டுவார்கள். மணலுக்கடியில் ஊர்ந்து திரியும் ஒரு வகை நத்தை, சிப்பியின் ஓட்டைத் துளைத்து உள்ளிருக்கும் சதையைத் தின்றதன் அடையாளம் அது. அந்த ஓடு கடலே தின்று முடித்துக் கழித்துப்போட்டது. சோழியின் கதை வேறு. உயிரோடு இருக்கும்போது அதன் சதைப் போர்வை ஓட்டின் இருபுறமும் ஏறி மூடி மெருகேற்றிக்கொண்டே இருப்பதால்தான் அந்தப் பளபளப்பு. உயிர் போன பின் மணலில் சில நாள் உருண்டாலே அது மங்கிவிடும். ஆகவே கடைச் சோழி பளபளக்கிறது என்றால் பெரும்பாலும் அது உயிரோடு எடுக்கப்பட்டது என்று பொருள்.

பூஜைக்குரிய சங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. நாம் பால் போல வெள்ளை என்கிறோமே, கடலுக்குள் அது வெள்ளையாக இருப்பதே இல்லை. பழுப்பு நிறத் தோல் ஒன்று ஓட்டை மூடியிருக்கும், சுத்தம் செய்த பிறகே வெண்மை வெளிப்படும். அது வாழ்வது பாறையின்மேல் அல்ல, பாறைகளுக்கு இடையிலும் அருகிலும் உள்ள மணலில். அந்த மணலில் உள்ள புழுக்களே அதன் உணவு. பழைய தஞ்சை மாவட்டக் கரையோரத்திலும் ஒரு காலத்தில் சங்கு எடுத்திருக்கிறார்கள். பெண் சங்கு இடும் முட்டைப்பை ஆட்டுக்கொம்பு போல முறுக்கிக்கொண்டு ஏறக்குறைய ஒரு சாண் நீளத்துக்கு மணலில் ஊன்றி நிற்கும். கரையோரத்தில் இதைச் சங்குப்பூ என்பார்கள். அடுக்கடுக்கான அறைகளுக்குள்ளேயே குஞ்சு ஓட்டோடு வளர்ந்து, வெளியே வரும்போது சின்னஞ்சிறு சங்காகவே ஊர்ந்து வரும். சிப்பியின் குஞ்சோ, பாறைகளில் வாழும் ராட்சதச் சிப்பியின் குஞ்சோ, பிறந்த பின் சில நாட்களாவது நீரில் மிதந்து நீரோட்டம் இழுத்த இடத்துக்குப் போகும். அதனால் ஓரிடத்தில் அழிந்தாலும் வேறிடத்திலிருந்து வந்து குடியேற வழி உண்டு. சங்குக்கு அந்த வழி கிடையாது. ஒரு மணல்திட்டின் சங்குகளை வழித்து எடுத்துவிட்டால், அக்கம்பக்கத்திலிருந்து ஊர்ந்து வந்து அது நிரம்பப் பல தலைமுறைகள் ஆகும். அந்தக் காலத்துச் சங்குக் குளிப்பில், குறிப்பிட்ட அளவுள்ள ஒரு வளையத்துக்குள் நுழைந்துவிடும் சிறு சங்குகளைக் கடலிலேயே திருப்பிவிட வேண்டும் என்று விதி இருந்தது. முக்குளித்துக் கையால் எடுப்பவருக்கு அந்த விதி பொருந்தும்; கடலடியை வாரிக்கொண்டு வரும் இழுவை மடி என்ற வலைக்கு எந்த வளையத்தைக் காட்டுவது?

சங்கைச் சொல்லிக்கொண்டிருக்கையில் ஒரு எச்சரிக்கை. வலம்புரி என்று சொல்லி யாராவது பெரிய விலை கேட்டால், வாய்ப்பகுதிக்குள் எட்டிப் பாருங்கள். நடுத்தண்டில் மூன்று நான்கு மடிப்புகள் இருந்தால்தான் அது நம் சங்கு இனம். மடிப்பு இல்லாமல் வழவழவென்று இருந்தால், அது அமெரிக்கக் கரையில் பிறவியிலேயே அப்படிச் சுழியும் வேறொரு நத்தையின் ஓடாக இருக்கக்கூடும். அந்த இனத்தில் எல்லாமே வலம்புரிதான், அதில் அபூர்வம் ஒன்றும் இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் தெரிந்திருப்பது நல்லது. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் அட்டவணைகளில் 2001-இல் 24 மெல்லுடலி இனங்கள் சேர்க்கப்பட்டன. ராட்சதச் சிப்பிகள், சுருள் ஓட்டுக்குள் வாழும் கணவாயின் உறவினமான நாட்டிலஸ், எக்காளம் போல ஊதப் பயன்படும் டிரைட்டன் என்ற பெரிய கடல் நத்தை, விரல் சங்குகளில் சில இனங்கள் அவற்றில் உண்டு. பூஜைச் சங்கு இல்லை. விரல் சங்குகளில் எது பட்டியலில் உள்ளது, எது இல்லை என்பதை விரல்களின் எண்ணிக்கையையும் வளைவையும் வாய்ப்பகுதியின் நிறத்தையும் பார்த்தே பிரிக்க வேண்டும். விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது. இப்படி ஒரு பட்டியலைக் கடைத்தெருவில் எப்படி நடைமுறைப்படுத்துவது என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம் உண்டு. உங்களிடம் உள்ளதன் படத்தை, வாய்ப்பகுதி தெரியும்படி எடுத்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை குழந்தையைக் குற்றவாளி ஆக்க வேண்டாம்.

பாறைக்கு இந்த உயிர்கள் எதற்கு என்று ஆசிரியை விளக்கியிருந்தால் குழந்தை அழுதிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். பவளத்தையே மேய்ந்து வெளுக்கச் செய்யும் முள் நிறைந்த ஒரு நட்சத்திர மீன் உண்டு; அதைப் பிடித்துத் தின்னும் மிகச் சில உயிர்களில் டிரைட்டன் ஒன்று. பாசியை மேயும் நத்தைகள் பாறையைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருப்பதால்தான் புதிய பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள இடம் கிடைக்கிறது. பவளத்தைக் குடைந்து வாழும் சிப்பியும் உண்டு, பவளத்தைத் தின்னும் நத்தையும் உண்டு. எல்லாமே காவல்காரர்கள் என்று சொல்லிவிட முடியாது. காலி ஓட்டுக்குக்கூட அங்கே வேலை இருக்கிறது, துறவி நண்டுக்கு அதுதான் வீடு.

கடைசியாக நம் கரை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பும் வீட்டுச் சுவருக்குப் பூச்சும் கொடுத்த கிளிஞ்சல் நம் கழிமுகங்களில் விளைந்தது. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில்தான் மட்டி, ஆளி என்ற சிப்பி வகைகள் வளரும், ஆற்றில் தண்ணீர் குறைந்து முகத்துவாரம் மணலடைத்தால் அவையும் குறையும். பாறையைத் தேடி ராமேசுவரம் போகுமுன் பேத்தியைத் தரங்கம்பாடிக்கு அழைத்துப் போங்கள். டேனியர்கள் 1620-இல் வந்திறங்கிய அந்த ஊரிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சேகரிப்பாளர்களுக்குப் பெட்டி பெட்டியாகக் கிளிஞ்சல்கள் போயின. 1798-இல் ஒரு மணல் நத்தைக்கு அந்த ஊரின் பெயரையே வைத்து, புல்லியா டிராங்குபாரிகா என்று அழைத்தார்கள். விரல்கணு நீளம், கூரான முனை, மண் நிறம். எந்தக் கடையிலும் விலை போகாது. நீர் வற்றும் நேரத்தில் ஈர மணலில் செத்த மீன் ஏதாவது கிடந்தால் அதன் அருகே உட்கார்ந்து காத்திருக்கச் சொல்லுங்கள். வாசனை பிடித்து, அகன்ற காலை விரித்துக்கொண்டு ஊர்ந்து வரும். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு மணலில் வைத்தால், அவள் கண்முன்னாலேயே புதைந்துகொள்ளும்.