பருவமே இல்லாத சிங்கப்பூரில், எப்போது பூக்க வேண்டும் என்று மரங்களுக்கு எப்படித் தெரிகிறது?

ஆண்டு முழுக்க ஒரே வெயில், ஒரே மழை; வசந்தமும் இல்லை, குளிர்காலமும் இல்லை. அப்படியிருக்க, ஒரு சாலையில் உள்ள மரங்கள் எல்லாம் ஒரே வாரத்தில் பூத்துக் கொட்டுவது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள். வார இறுதிகளில் பள்ளிப் பிள்ளைகளை இயற்கை நடைக்கு அழைத்துச் செல்கிறேன். அவர்கள் கேட்பதிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது.

நம் ஊரில் மாற்றம் உண்மையிலேயே குறைவுதான். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1.3 டிகிரியில் இருக்கிறோம். ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் 9 நிமிடம்தான் வித்தியாசம். மாதச் சராசரி வெப்பநிலை ஏறி இறங்குவதும் 2 டிகிரிக்குள்தான். ஜப்பானில் சக்குரா எனப்படும் செர்ரி மரம் குளிர் வந்து விலகுவதை வைத்துப் பூக்கிறது. இங்கே அப்படி ஒரு குளிர் வருவதே இல்லை. அதனால் நம் ஊர்த் தாவரங்கள் வேறு சமிக்ஞைகளை நம்புகின்றன. அவை நாட்காட்டியில் இல்லை, வானிலையில் இருக்கின்றன.

இதற்கு மிகத் தெளிவான சாட்சி புறா ஆர்க்கிட். சாலையோரத் தூங்குமூஞ்சி மரங்களின் கிளைகளில், யாரும் நடாமலே வளரும் செடி. பூ வெள்ளையாக, நல்ல மணத்தோடு இருக்கும். ஒரே நாள்தான் ஆயுள். ஆனால் ஒரு வட்டாரத்தில் உள்ள செடிகள் எல்லாம் அந்த ஒரே நாளில் பூக்கும். மொட்டு ஓரளவு வளர்ந்ததும் அப்படியே உறங்கிவிடுகிறது. பிறகு ஒருநாள் கனமழை பெய்து வெப்பநிலை சட்டென்று 5 டிகிரிக்கு மேல் இறங்கினால் விழித்துக்கொள்கிறது. அதிலிருந்து 9 நாளில் பூ. ஜாவாவில் 1920களில் கோஸ்டர் என்ற தாவரவியலாளர் இதை ஆராய்ந்தார். செடியை எழுப்புவது மழைநீர் அல்ல, மழையோடு வரும் குளிர்ச்சிதான். எல்லாம் சேர்ந்து பூப்பதிலும் காரணம் உண்டு. இந்தச் செடி காய்க்க இன்னொரு செடியின் மகரந்தம் வேண்டும். ஒரு நாள் மட்டும் வாழும் பூ தனியாகப் பூத்தால் தேனீ வந்தும் பயனில்லை.

சரி, மழை ஏன் அவ்வளவு குளிர்ச்சியைக் கொண்டுவருகிறது? இங்கேதான் வானிலையியல் உள்ளே வருகிறது. இடிமேகத்திலிருந்து விழும் துளிகளில் ஒரு பகுதி வழியிலேயே ஆவியாகிறது. ஆவியாவதற்கான வெப்பத்தைச் சுற்றியுள்ள காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. குளிர்ந்த காற்று கனமாகிக் கீழே பாய்ந்து, தரையில் மோதி நாலாபுறமும் பரவுகிறது. மழைக்குச் சற்று முன்னால் சில்லென்று முகத்தில் அடிக்கிறதே, அந்தக் காற்று இதுதான். பிற்பகல் 33 டிகிரியில் தகிக்கும்போது இடிமழை இறங்கினால் சிறிது நேரத்திலேயே 24, 25க்கு வந்துவிடும். விடியலுக்கு முன் வரும் சுமத்ரா சூறைக்காற்று எவ்வளவு பலமாக இருந்தாலும் இறக்கம் அவ்வளவு இருப்பதில்லை, இரவுக் காற்று ஏற்கெனவே ஆறியிருக்கும். நம் மழை தீவு முழுக்க ஒன்றாகப் பெய்வதும் அரிது. ஜூரோங்கில் கொட்டும், சாங்கியில் வெயில் அடிக்கும். அதனால் மேற்கே ஒரு நாள், கிழக்கே வேறொரு நாள் ஆர்க்கிட் பூக்கலாம்.

எல்லா மரங்களுக்கும் இதே விதி பொருந்தாது. இதைப் பொறுமையாகக் கவனித்தவர்கள் நம் தாவரவியல் பூங்காவிலேயே இருந்தார்கள். பெரியவர்கள் பூமலை என்பார்களே, அதே இடம்தான். 1925 முதல் 1949 வரை அங்கே இயக்குநராக இருந்த ஹோல்ட்டம், ஒவ்வொரு மரமும் எப்போது இலை உதிர்க்கிறது, எப்போது பூக்கிறது என்று ஆண்டுக்கணக்கில் குறித்துவந்தார். சில மரங்களின் சுழற்சி 12 மாதக் கணக்கில் அடங்கவே இல்லை. ஜப்பானிய ஆட்சிக்காலத்தில் பூங்கா பேராசிரியர் கொரிபாவின் பொறுப்புக்குப் போனது. அவரும் இதே கேள்வியைத்தான் கையில் எடுத்தார், 1958இல் முடிவுகளை வெளியிட்டார். போர் நடந்த ஊரில், பகை நாடுகளைச் சேர்ந்த இருவர் ஒரே பூங்காவில் மரங்களின் தளிரைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள் என்பது ஒவ்வொரு முறையும் என்னை நெகிழவைக்கிறது.

'சிங்கப்பூரின் சக்குரா' என்று எல்லாரும் படம் எடுக்கும் டிரம்பெட் மரங்கள், வறண்ட நாட்களுக்குப் பின் மழை வந்தால் பூப்பவை. 2014 பிப்ரவரி, 1869க்குப் பிறகு இங்கே பதிவான மிக வறண்ட மாதம், சாங்கியில் 0.2 மில்லிமீட்டர் மழைதான். மார்ச்சில் மழை திரும்பியதும் தீவெங்கும் மரங்கள் பூத்ததைப் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

ஆனால் எனக்குக் கவலை தருவது காட்டு மரங்கள். புக்கிட் தீமாவில் நிற்கும் செராயா போன்ற பெருமரங்கள் ஆண்டுதோறும் பூப்பதில்லை. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை காடே சேர்ந்து பூக்கும். அணிலும் காட்டுப்பன்றியும் தின்று தீர்க்க முடியாத அளவு விதை விழும், மிஞ்சுவது முளைக்கும். 1988இல் ஆஷ்டன், கிவ்னிஷ், அப்பண்ணா மூவரும் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ காலத்தில் வானம் தெளிந்து, தொடர்ந்து சில இரவுகள் வழக்கத்தைவிட 2 டிகிரி அளவு குளிர்ந்தால் அதுவே தூண்டுதல் என்றார்கள். பிறகு மலேசியக் காடுகளில் செராயாவின் பூக்கும் மரபணுக்களைக் கவனித்து 2017இல் வெளியான ஆய்வு, குளிர்ச்சியும் வறட்சியும் சில வாரங்கள் சேர்ந்தே இருக்க வேண்டும் என்று காட்டியது.

அப்படியானால் இரவுகள் குளிராமலே போனால்? நம் இரவுகள் சூடாகிக்கொண்டு வருகின்றன. ஊருக்கு வெளியே உள்ள லிம் சூ காங்குக்கும் கட்டடங்கள் நெருங்கிய ஆர்ச்சர்ட் சாலைக்கும் இடையே இரவில் 7 டிகிரி வரை வித்தியாசம் இருந்ததை சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இலேயே பதிவுசெய்தார்கள். 2024 ஜனவரியில் வந்த தேசியப் பருவநிலை ஆய்வின்படி, வெப்பத்தைப் பிடித்துவைக்கும் வாயுக்கள் மிக அதிகமாக வெளியேறினால் இந்த நூற்றாண்டின் இறுதியில் ஏறக்குறைய எல்லா இரவுகளும் 'வெப்ப இரவு'களாகிவிடும். அதாவது 26.3 டிகிரிக்குக் கீழே இறங்காத இரவுகள். செராயா பூக்காவிட்டால் புதுக் கன்றுகள் இல்லை. நட்டு வளர்க்கலாம் என்றால் அதற்கும் விதை வேண்டும்.

நீங்களும் இதில் உதவலாம். புறா ஆர்க்கிட் பூத்ததைக் கண்டால் தேதியையும் உங்கள் பேட்டையின் பெயரையும் குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து 9 நாள் பின்னோக்கி எண்ணி, அருகிலுள்ள வானிலை நிலையத்தின் மழையையும் வெப்பநிலையையும் பாருங்கள். அந்தத் தரவுகள் அரசாங்கத் தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. புக்கிட் தீமாவில் மேலே அண்ணாந்து பார்ப்பதைவிட நடைபாதையில் உதிர்ந்த பூக்களைத் தேடுவது எளிது. படம் எடுத்து ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றலாம். அப்புறம், ஒரே மரத்தைத் தொடர்ந்து பார்ப்பவராக இருந்தால் பூக்காத மாதங்களையும் எழுதிவையுங்கள். பூத்தது மட்டும் பதிவானால், நடுவில் உண்மையிலேயே பூக்கவில்லையா, யாரும் பார்க்கவில்லையா என்று பின்னால் வரும் ஆய்வாளரால் பிரித்தறிய முடியாது.