விண்கல்லின் அமினோ அமிலம் பூமியின் மாசு அல்ல என்று எப்படிச் சொல்வது?

வணக்கம். மர்ச்சிசன் விண்கல்லில் கண்ட அமினோ அமிலங்கள் மண்ணிலிருந்தோ தொட்டவர் கையிலிருந்தோ ஒட்டியவை அல்ல என்பதைக் கல்லூரிக் கருத்தரங்கில் எப்படி நிறுவுவது என்று கேட்டிருந்தீர்கள். மிகவும் நியாயமான ஐயம். இத்துறையே அதனோடு போராடித்தான் வளர்ந்தது.

1969 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் விழுந்த அக்கல்லை ஆராய்ந்து 1970இல் முடிவை வெளியிட்ட குழுவில், இலங்கையின் காலியில் பிறந்த சிரில் பொன்னம்பெருமவும் இருந்தார். அமினோ அமிலங்களில் பெரும்பாலானவை, இடக்கையும் வலக்கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரு வடிவங்களில் வரும். உயிரினங்களின் புரதங்கள் இடக்கை வடிவ அமினோ அமிலங்களால் ஆனவை என்பதால், கைரேகை வழியே வந்த மாசாக இருந்திருந்தால் அவ்வடிவமே மேலோங்கியிருக்க வேண்டும். ஆனால் அலனின் போன்றவற்றின் இரு வடிவங்களும் ஏறக்குறைய சம அளவில் இருந்தன. இதைவிட வலுவான சான்றாக நான் கருதுவது, புரதங்களில் இடம்பெறாத ஐசோவாலின் போன்ற அமிலங்கள் அங்கே கிடைத்ததையும், அங்குள்ள அமினோ அமிலங்களில் கனமான கார்பன், ஹைட்ரஜன் ஐசோடோப்புகள் (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணு வகைகள்) பூமியின் உயிர்ப்பொருட்களில் இருப்பதைவிட மிகுந்திருந்ததையும்தான். ஒரு எச்சரிக்கை: ஐசோவாலினில் இடக்கை வடிவம் சற்று மிகுந்திருப்பதாகப் பின்னர் தெரியவந்தது, எனவே இரு வடிவங்களும் சம அளவில் இருப்பதை மட்டும் நம்பி வாதத்தைக் கட்டாதீர்கள்.

விண்கலம் நேரடியாக எடுத்துவந்ததால் மண்ணில் விழுந்து மாசுபடாத, பென்னு என்ற சிறுகோளின் மாதிரியையும் கட்டாயம் சேருங்கள். 2023இல் மூடிய கலனில் பூமிக்கு வந்த அந்த 121.6 கிராம் துகள்களில், புரதங்களுக்குரிய 20 அமினோ அமிலங்களில் 14 இருந்ததாக 2025 ஜனவரியில் அறிவித்தார்கள்.