விசுவமடு அக்காவுக்கு: ஆட்டத்தின் நடுவில் பறிக்காதீர்கள்

அக்கா, வெளிநாட்டிலிருந்து அப்பா அனுப்பிய போனில் 11 வயது மகன் சாமம் வரை ஃப்ரீ ஃபயர் என்ற துப்பாக்கிச் சண்டை கேம் விளையாடுகிறான், பறித்தால் சாப்பாட்டுக் கோப்பையை எறிகிறான் என்று எழுதியிருக்கிறீர்கள்.

பறிக்கிற நேரம்தான் சிக்கல். அந்தக் கேமை நாலு பேர் குழுவாகவும் ஆடுவார்கள். இடையில் போனால் கூட்டாளிகள் ஏசுவார்கள். ஒரு சுற்று பெரும்பாலும் கால் மணித்தியாலத்தில் முடிந்துவிடும். "இந்தச் சுற்றோடு சரி" என்று முன்பே சொல்லி, முடிந்ததும் வாங்குங்கள். முதல் கிழமை கத்துவான்தான், அசையாதீர்கள்.

இரவில் போன் உங்கள் தலைமாட்டில் சார்ஜ் ஆகட்டும். அப்புறம் கூகுளின் ஃபேமிலி லிங்க் என்ற செயலியைப் போடுங்கள், இலவசம். உங்கள் போனிலிருந்தே அவனுக்கு நேர அளவும் இரவுப் பூட்டும் போடலாம். உங்கள் கடவுச்சொல் அவனுக்குத் தெரிந்தால் எல்லாம் வீண் (தெரிந்திருக்கும், மாற்றுங்கள்).

அப்பாவிடமும் பேசுங்கள். நீங்கள் மறுக்க அவர் அங்கிருந்து டேட்டா போட்டுவிட்டால் ஒன்றும் நடக்காது. பின்னேரங்களில் பெடியள் பந்தடிக்கும் இடத்துக்கு அனுப்புங்கள். சும்மா இரு என்றால் போனைத்தான் தேடுவான்.

கேமுக்கு அடிமையாகும் நோய் என்று இப்போதே பயப்பட வேண்டாம். உலக சுகாதார நிறுவனமே அப்படிச் சொல்ல வழக்கமாக 12 மாதம் பார்க்கச் சொல்கிறது. நித்திரை, சாப்பாடு, பள்ளிக்கூடம் எல்லாம் குலைந்தால் மட்டும் காத்திராமல் 1926க்கு எடுங்கள், தேசிய மனநல உதவி இலக்கம் அது.