சிசீஸ் பீட்சா எப்படி வளர்ந்தது, பிறகு ஏன் சுருங்கியது?

1985இல் அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், டாலஸை ஒட்டிய பிளேனோ நகரில் ஜோ குரோச்சியும் மைக் கோலும் இந்த பஃபே உணவகத்தைத் தொடங்கினார்கள். ஒருவருக்கு இவ்வளவு என்று குறைந்த கட்டணம் கொடுத்துவிட்டால் பீட்சா, பாஸ்தா, சாலட், இனிப்பு எல்லாம் வேண்டிய அளவு சாப்பிடலாம். மக்ரோனியும் சீஸும் போட்ட பீட்சா இங்கே குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்தது. நடுத்தரக் குடும்பம் நாலு பேரோடு போய், பில்லை நினைத்துக் கவலைப்படாமல் வயிறார சாப்பிட முடிந்தது. அதுதான் இதன் பெரிய சாதனை என்பேன். ஃபிரான்சைஸ் முறையில், அதாவது இதே பெயரில் கடை நடத்தப் பிறருக்கு உரிமை கொடுத்து, பல மாநிலங்களுக்கும் பரவியது.

சரி, இவ்வளவு மலிவாக எப்படிக் கொடுத்தார்கள்? மாவும் தக்காளி சாஸும் விலை குறைவு. செலவு பெரும்பாலும் சீஸில்தான். தட்டில் நாமே எடுத்துப் போட்டுக்கொள்வதால் பரிமாற ஆட்களும் குறைவாகப் போதும். ஆனால் ஒரு தட்டுக்கு மிஞ்சும் லாபம் சொற்பம் என்பதால் கூட்டம் ஓயாமல் வந்தாக வேண்டும். வராவிட்டால் பீட்சாவும் ஆறிப்போகும், வாடகையும் தேறாது.

கொரோனா அடித்தது சரியாக அந்த இடத்தில். பலர் ஒரே கரண்டியைத் தொடும் பஃபே முறையே நின்றுபோனது. 2021 ஜனவரியில் நிறுவனம் திவால் பாதுகாப்பு, அதாவது கடன்காரர்களிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு, கோரியது. டி அண்ட் ஜி இன்வெஸ்டர்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் அதை எடுத்துக்கொண்டது. அப்புறம் சில மாதங்களிலேயே திவாலிலிருந்து வெளியே வந்துவிட்டது.